மாமாவின் பழைய கேம் பாய் கிடைத்ததா? 'நியூ கேம்' அழுத்தும் முன் இதைப் படியுங்கள்

தீபாவளிக்கு முன் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்யச் சொல்கிறார் அம்மா. பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறக்கிறீர்கள். ஊசி நூல்தான் இருக்கும் என்று நினைத்தால், உள்ளே ஊதா நிறத்தில் ஒரு கேம் பாய் கலர். அதன் முதுகில் 'போக்கிமான் சில்வர்' கார்ட்ரிட்ஜ்.

அலமாரியைத் துழாவி இரண்டு ஏஏ பேட்டரிகளைப் போடுகிறீர்கள். 'டிங்'! வேலை செய்கிறது!

'கன்டினியூ' என்பதை அழுத்தினால் திரையில் உங்கள் மாமாவின் பெயர். 7 எழுத்துக்குள் அடங்கவேண்டும் என்பதால் பாதியாகச் சுருக்கியிருக்கிறார். விளையாடிய நேரம்: 140 மணிக்கும் மேல்.

அதற்குக் கீழே 'நியூ கேம்'. விரல் துறுதுறுக்கிறது, இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த கேமில் சேவ் செய்ய ஒரே ஓர் இடம்தான் உண்டு. நீங்கள் புதிதாக ஆரம்பித்து சேவ் செய்தால் மாமாவின் 140 மணி நேரம் போய்விடும். திரும்ப வராது.

நீங்கள் பிறப்பதற்கு முன் வந்த கன்சோல்கள்மேல் உங்களுக்கு ஆசை வந்திருக்கிறதா? அவை ஏன் பிடித்துப்போகின்றன? உள்ளே என்ன இருக்கிறது? எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? பார்ப்போம்.

எவையெல்லாம் 'ரெட்ரோ'?

இதற்கு அதிகாரபூர்வ வரையறை ஏதுமில்லை. முக்கியமான சில மைல்கற்கள் இதோ:

• 1972: மேக்னவாக்ஸ் ஒடிசி. வீட்டு டிவியில் இணைத்து விளையாட விற்பனைக்கு வந்த முதல் கன்சோல். அதற்கு வித்திட்டவர் ரால்ஃப் பேயர்.

• 1976: ஃபேர்சைல்ட் சேனல் எஃப். கேமைக் கார்ட்ரிட்ஜாகக் கழற்றி மாற்றும் வசதி இதிலிருந்துதான் பரவியது. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் ஜெர்ரி லாசன் எனும் கறுப்பினப் பொறியாளர்.

• 1983: ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம். 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது அதன் பெயர் என்இஎஸ். இரண்டும் சேர்ந்து சுமார் 62 மில்லியன் விற்றன.

• 1989: கேம் பாய். பின்னர் 1998இல் கேம் பாய் கலர். இரண்டும் சேர்த்து 118 மில்லியனுக்கு மேல்.

• 1990: சூப்பர் ஃபேமிகாம்.

• 1994: சோனியின் பிளேஸ்டேஷன். கார்ட்ரிட்ஜுக்குப் பதில் சிடி. 100 மில்லியனைத் தாண்டியது.

• 2000: பிளேஸ்டேஷன் 2. உங்களில் சிலருக்கு இதுகூட 'பிறப்பதற்கு முன்' தான். (எனக்கு அது நேற்று மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.)

நாம் அனுபவிக்காத காலம் நமக்கு எப்படிப் பிடிக்கும்?

"உனக்கென்ன தெரியும் அந்தக் காலம்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். பதில் எளிது. 1980களில் பிறக்காதவர்களும் இளையராஜாவின் 80களின் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அது பழைய நினைவு இல்லை. புதிதாகக் கண்டுபிடித்த ஒன்று. பழைய கன்சோலும் அப்படித்தான்.

அதில் என்ன இருக்கிறது?

ஒன்று, அது முழுமையானது. கார்ட்ரிட்ஜைப் போட்டதும் கேம் தொடங்கிவிடும். அப்டேட் இல்லை, லாகின் இல்லை, 'இன்னும் 3 ரத்தினம் வாங்கினால்தான் அடுத்த கட்டம்' என்ற தொல்லையும் இல்லை. விற்கும் அன்றே கேமை முடித்துக் கொடுத்தாக வேண்டும். பிறகு திருத்த வழி கிடையாது.

இரண்டு, குறைந்த இடத்தில் பெரிய வேலை. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் ஒரு படம் பொதுவாக அதைவிடப் பெரியது. அந்த 40 கிலோபைட்டில் 32 கட்டங்கள், இசை, எதிரிகள், ரகசியக் குழாய்கள் எல்லாம். எப்படி முடிந்தது? அடுத்த முறை விளையாடும்போது மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! ஒன்றுக்கு வெள்ளை, மற்றொன்றுக்குப் பச்சை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று, பழைய பொருளைப் புதிதாகப் பயன்படுத்தும் புத்தி. கேம் பாயை உருவாக்கிய குன்பே யோக்கோய், விலை உயர்ந்த புதுத் தொழில்நுட்பத்தைத் தேடி ஓடவில்லை. எல்லாருக்கும் பழகிப்போன, மலிவான பாகங்களை வைத்தே புதிய விளையாட்டை உருவாக்கலாம் என்பது அவர் கொள்கை. கேம் பாயின் திரை பச்சை கலந்த சாம்பல் நிறம். உள்ளிருந்து வெளிச்சமும் வராது. அடுத்த ஆண்டே செகா நிறுவனம் வண்ணத் திரை, வெளிச்சம் எல்லாம் வைத்து கேம் கியரை விட்டது. ஆனால் அது 6 ஏஏ பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய் 4 பேட்டரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். யார் ஜெயித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அதற்காக எல்லாமே தங்கம் என்று நினைக்க வேண்டாம். பல பழைய கேம்களில் சேவ் வசதியே கிடையாது. சில கேம்கள் வேண்டுமென்றே உங்களை அழவைக்கும் அளவுக்குக் கடினம். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், தப்பில்லை.

நம்மூர் வீடுகளில் என்ன இருந்தது?

சிங்கப்பூர், மலேசிய வீடுகளுக்கு ஜப்பானியக் கன்சோல்கள் நிறைய வந்தன. இன்று செகண்ட் ஹேண்டில் கிடைப்பவற்றிலும் ஜப்பானியப் பதிப்புகளை அடிக்கடி பார்க்கலாம். இது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

அசல் ஃபேமிகாம் வாங்காத வீடுகளில் இன்னொரு பெயர் பிரபலம்: 'மைக்ரோ ஜீனியஸ்'. தைவானில் தயாரான இது, ஃபேமிகாம் போலவே இயங்கும் நகல் கன்சோல். ஒரே கார்ட்ரிட்ஜில் பல கேம்கள் இருக்கும். உங்கள் அப்பாவோ பெரியம்மாவோ "நாங்களும் நிண்டெண்டோ ஆடியிருக்கோம்" என்று சொன்னால், அது உண்மையில் மைக்ரோ ஜீனியஸாக இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

பழைய பொருள் தேடுவோர் முன்பெல்லாம் சுங்கை ரோடு சந்தைக்குப் போவார்கள். 2017 ஜூலையில் அது மூடப்பட்டது. இப்போது தேடல் பெரும்பாலும் கைப்பேசியில்தான்.

கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி

மாமாவின் 'போக்கிமான் சில்வர்' விஷயத்துக்கு வருவோம்.

கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு வகை நினைவகம் இருக்கிறது. கேம் இருக்கும் சில்லு நிரந்தரமானது, அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் உங்கள் சேவ் இருக்கும் சில்லுக்கு எப்போதும் துளி மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது காசு போன்ற ஒரு 3 வோல்ட் பேட்டரி. கன்சோலில் நீங்கள் போடும் ஏஏ பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பேட்டரி தீர்ந்தால்? கன்சோலை அணைத்ததும் சேவ் போய்விடும். கேம் மட்டும் எப்போதும்போல் ஓடும்.

'கோல்டு', 'சில்வர்' கேம்களுக்கு இன்னொரு சிக்கல். அவற்றில் பகல், இரவு மாறும். அதற்காகக் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு கடிகாரம் ஓயாமல் ஓடுகிறது. நீங்கள் தூங்கும்போதும் ஓடும், பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தபோதும் ஓடும். அதே பேட்டரியில்தான். அதனால் அதற்கு முந்தைய 'ரெட்', 'புளூ' கேம்களைவிட இவற்றின் பேட்டரி சீக்கிரம் தீரும். 1999இல் ஜப்பானிலும் 2000இல் ஆங்கிலத்திலும் வந்த கேம் இது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் சேவ் திறக்கிறது என்றால், மாமாவுக்கு அதிர்ஷ்டம். அது எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

எல்லா கேமும் இப்படியா?

• 'ரூபி', 'சஃபையர்', 'எமரல்டு': கேம் பாய் அட்வான்ஸ் கேம்கள் இவை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தாலும் பயப்பட வேண்டாம். அதில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேவ் பத்திரமாக இருக்கும்.

• பிளேஸ்டேஷன் 1, 2: சேவ் இருப்பது மெமரி கார்டில். அதற்கு பேட்டரி வேண்டாம். கார்டைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

மாமாவின் சேவைக் காப்பாற்றுவது எப்படி?

வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் எல்லாம் போய்விடும்.

1. முதலில் திரையைப் படமெடுங்கள். பெயர், நேரம், குழுவில் இருக்கும் போக்கிமான்கள். பிறகு எது தவறினாலும் இந்தப் படமாவது மிஞ்சும்.

2. சேவை நகலெடுங்கள். கணினியின் யூஎஸ்பியில் செருகும் 'கார்ட்ரிட்ஜ் ரீடர்' என்ற சின்னக் கருவி கிடைக்கிறது. அது சேவை ஒரு ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். 'சில்வர்' சேவ் வெறும் 32 கிலோபைட். அந்த 140 மணி நேரமும் அதற்குள் அடக்கம். இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அதற்குப் பிறகே பேட்டரியை மாற்றலாம். கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனி வகைத் திருப்புளி தேவை. பேட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிடுங்க முடியாது. பற்றவைத்துப் பழக்கமில்லை என்றால், தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிய பேட்டரியை டேப் போட்டு ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம், நாளடைவில் விலகிவிடும்.

4. புதிய பேட்டரி போட்டதும் நகலைத் திரும்பக் கார்ட்ரிட்ஜில் ஏற்றுங்கள். கடிகாரத்தை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். மாமாவின் பெயர் திரும்ப வரும்.

பேட்டரி ஏற்கெனவே தீர்ந்து சேவ் மறைந்திருந்தால், அதை மீட்க முடியாது. அப்படி ஆகியிருந்தால் வருத்தம்தான். ஆனால் புதிய பேட்டரி போட்டால் கார்ட்ரிட்ஜ் உங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் வரும்.

சுவரில் செருகும் முன்: 100 வோல்ட்டா, 230 வோல்ட்டா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். சிங்கப்பூரில் 230 வோல்ட். ஜப்பானியக் கன்சோலோடு வரும் பழைய அடாப்டர்கள் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஆசை ஆசையாக ஒரு ஜப்பானிய சூப்பர் ஃபேமிகாம் வாங்கினேன். அடாப்டரில் தட்டையான இரண்டு முனைகள். பயணத்துக்கு வைத்திருந்த மாற்று பிளக்கைப் போட்டு நேராகச் சுவரில் செருகினேன். சில வினாடிகளில் கருகும் வாடை. அடாப்டர் காலி. கன்சோல் தப்பித்தது என் அதிர்ஷ்டம். பயண பிளக் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பள்ளியில் படித்த பாடம்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

என்ன செய்யலாம்?

• அடாப்டரின் முதுகில் 'இன்புட்' என்று இருப்பதைப் படியுங்கள். '100–240' என்று இருந்தால் கவலையில்லை. '100' மட்டும் இருந்தால், 230ஐ 100ஆகக் குறைக்கும் 'ஸ்டெப் டவுன்' மின்மாற்றி வேண்டும்.

• 'முனை பொருந்துதே' என்று வேறு அடாப்டரைப் போடாதீர்கள். ஜப்பானிய ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி. அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. அதை ஃபேமிகாமில் செருகினால் கன்சோல் பழுதாகும்.

• சந்தேகமா? கன்சோலைத் தூக்கிக்கொண்டு மின்னியல் பாகங்கள் விற்கும் கடைக்குப் போய்க் கேளுங்கள். சிம் லிம் டவரில் அப்படிப்பட்ட கடைகள் உண்டு.

இதனால்தான் முதன்முதலில் வாங்குவோருக்கு கேம் பாய் வகை நல்லது. சாதாரண பேட்டரி போதும். டிவியும் வேண்டாம். எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும்.

புது டிவியில் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

பழைய கன்சோல்கள் குண்டு டிவிக்காகச் செய்யப்பட்டவை. சிஆர்டி எனப்படும் அந்த டிவியில் படப்புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கலந்து மென்மையாகத் தெரியும். ஓவியர்களும் அதை மனத்தில் வைத்தே வரைந்தார்கள். இன்றைய தட்டை டிவி அதே படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது மங்கலாகிறது. பட்டனை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் இடையே சிறு தாமதமும் வரலாம். பழைய சிக்னலை எச்டிஎம்ஐக்கு ஏற்றபடி மாற்றும் நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆக மலிவானவற்றில் தாமதம் குறையாது.

வாத்து சுடும் துப்பாக்கி கேம் ஆசையா? அது குண்டு டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. தட்டை டிவியின் தாமதத்தில் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

குண்டு டிவி கிடைத்தால் அதன் முதுகைத் திறக்காதீர்கள். உள்ளே பல ஆயிரம் வோல்ட் தேங்கியிருக்கலாம், அணைத்த பிறகும்கூட.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

போலிக் கார்ட்ரிட்ஜ்கள் ஏராளம், அதுவும் கேம் பாய் அட்வான்ஸ் போக்கிமான்களில். சில அடையாளங்கள்:

• அசல் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று லேசாக அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

• தங்க நிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, பலகையில் 'நிண்டெண்டோ' என்ற எழுத்து இருக்கும்.

• சந்தை விலையைவிட மிக மலிவு, அதுவும் 'புத்தம் புதுசு' என்றால், உஷார்.

போலியில் கேம் ஓடும். ஆனால் சேவ் திடீரென்று மறைந்துபோகலாம்.

பிளேஸ்டேஷன் 1, 2க்கு வட்டார எண் பொருந்த வேண்டும். சிங்கப்பூரில் அதிகாரபூர்வமாக விற்றவை ஜப்பான், ஆசிய வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பிய வட்டுகள் அவற்றில் ஓடாது.

நம்மூர் ஈரப்பதம் ஒரு வில்லன்

• கார்ட்ரிட்ஜுக்குள் ஊதாதீர்கள்! எல்லாரும் செய்ததுதான், நானும்தான். வாயின் ஈரம் தொடுமுனையை அரிக்கும். கழற்றி மறுபடி போட்டதால்தான் அது ஓடியது, ஊதியதால் இல்லை. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

• விளையாடி முடித்ததும் ஏஏ பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் வெள்ளை அல்லது பச்சைப் படிவம் பூக்கும். துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போகும்.

• கேமராவுக்காக வீட்டில் உலர்பெட்டி இருந்தால் அதில் இடம் கேளுங்கள். இல்லையா? மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும்.

• பழைய பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

'இதெல்லாம் எதுக்கு? டவுன்லோட் பண்ணிட்டா போச்சு'

கன்சோல்போல் இயங்கும் 'எமுலேட்டர்' மென்பொருள் வேறு, கேமின் நகல் வேறு. காப்புரிமை உள்ள கேமை இணையத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்காக இறக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

முறையான வழிகள் உண்டு. நிண்டெண்டோ சுவிட்சின் சந்தாவில் ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் கேம்கள் இருக்கின்றன. 2023 முதல் கேம் பாய் கேம்களும் சேர்ந்துள்ளன. பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள அதுவே நல்ல தொடக்கம்.

ஆனால் எல்லா கேமும் அப்படிக் கிடைப்பதில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. 'போக்கிமான் சில்வர்' 2017இல் நிண்டெண்டோ 3டிஎஸ் இணையக் கடையில் மறுபடி வந்தது. அந்தக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. கடை மூடியது, ஆனால் டின்னுக்குள் இருந்த கார்ட்ரிட்ஜ் இன்றும் ஓடுகிறது. உங்கள் கையில் இருப்பதை வெறும் பழைய பிளாஸ்டிக் என்று நினைக்காதீர்கள்.

சரி, இப்போ 'நியூ கேம்' அழுத்தலாமா?

நகல் எடுத்தாகிவிட்டதா? படம் எடுத்தாகிவிட்டதா? அப்படியென்றால் இன்னும் ஒரே ஒரு வேலை.

அந்தப் படத்தை மாமாவுக்கு அனுப்புங்கள். "மாமா, இது உங்களோடதா? நான் புதுசா ஆரம்பிக்கவா?" என்று கேளுங்கள்.

"தாராளமா ஆடு" என்று சொல்லலாம். "வேணாம், அதைத் தொடாதே, நான் வர்றேன்" என்றும் சொல்லலாம். இருபது வருடங்களாக அதை மறந்தே போயிருந்தவர், தன் குழுவில் இருந்த ஆறு போக்கிமான்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பதில் வரும்வரை 'நியூ கேம்' காத்திருக்கட்டும்.